ஷேக்கி கேட்ட கேள்வி

உயரமான ஓர் எந்திரம். தலையில் கேமரா, அடியில் சக்கரங்கள். நகரும்போதெல்லாம் உடம்பு குலுங்கும். இதுதான் ஷேக்கி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966 முதல் 1972 வரை உருவான ரோபோ. அதன் மூளை உடம்புக்குள் இல்லை. தனியே இருந்த பெரிய கணினியோடு ரேடியோ வழியாகப் பேசிக்கொள்ளும்.

அதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள்: மேடைமேல் இருக்கும் கட்டையைக் கீழே தள்ள வேண்டும். சக்கரத்தில் ஓடும் ரோபோ மேடைமேல் எப்படி ஏறும்? ஷேக்கி, அறையில் இருந்த சாய்தளத்தை மேடைவரை தள்ளிக்கொண்டு போனது. அதன்மேல் ஏறியது. அப்புறம் கட்டையைத் தள்ளியது!

‘சாய்தளத்தைத் தள்ளு’ என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. அதுவே திட்டம் போட்டது. கட்டையைத் தள்ள மேடைமேல் ஏற வேண்டும், ஏறுவதற்குச் சாய்தளம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபைக்ஸும் நில்ஸ் நில்சனும் 1971இல் இந்த யோசிக்கும் முறைக்கு ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்ற நிரலை எழுதினார்கள். அதில் ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு குறிப்புகள் இருக்கும். இதைச் செய்வதற்கு முன் எதெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? செய்த பிறகு எது மாறும்?

இதை நாமும் விளையாடலாம், வாருங்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. காகிதக்கூழில் ஓர் எரிமலை செய்யப் போகிறீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். பழைய செய்தித்தாளை ஊறவைக்க ஒரு நாள். அரைத்து, பசை கலந்து, மலையாக உருட்டி எழுப்ப ஒரு நாள். காய இரண்டு நாள். வண்ணம் பூச ஒரு நாள். விளக்க சார்ட் எழுத இரண்டு நாள். ஒவ்வோர் அட்டையின் கீழும் ‘இதற்கு முன் எது முடிய வேண்டும்?’ என்பதையும் எழுதிவிடுங்கள்.

இப்போது ஒருவர் ரோபோ. மற்றவர்கள் ஒவ்வொருவராக அட்டையைக் காட்டிக் கட்டளை இட வேண்டும். ‘வண்ணம் பூசு!’ என்றால் ரோபோ உடனே பூசக் கூடாது. ‘மலை காய்ந்துவிட்டதா?’ என்று கேட்க வேண்டும். ‘காய இரண்டு நாள்’ என்ற அட்டை மேஜைக்கு வராதவரை அசையவே கூடாது. ரோபோவாக இருப்பவர் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாரோ, அவ்வளவு நல்ல ஆட்டம்!

அட்டைகளை வரிசையாக வைத்ததும் ஒன்று தெரியும். ஊறுவது, உருட்டுவது, காய்வது, வண்ணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கின்றன. கூட்டினால் ஐந்து நாள். ஆகவே ஞாயிறன்றே காகிதம் ஊற வேண்டும். திங்களன்று ஆரம்பித்துவிட்டு, பத்து நண்பர்களைச் சார்ட் எழுத உட்காரவைத்தாலும் எரிமலை சீக்கிரம் காயாது. நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அந்த நீளமான வரிசைக்குள்தான் தேட வேண்டும். காகிதத்தை வெந்நீரில் ஊறவைக்கலாமா? கூழை மெல்லியதாகப் பூசி வெயிலில் வைக்கலாமா? 1957இல் டுபான்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் ஆலை வேலைகளைத் திட்டமிட இதே வழியைத்தான் கணக்காக்கினார்கள். முழு வேலையும் என்றைக்கு முடியும் என்பதை மிக நீளமான வரிசைதான் முடிவு செய்கிறது.

சரி, இன்றைய ஏஐயிடம் கேட்டால் நொடியில் திட்டம் தந்துவிடுமே? தரும். ஆனால் அது ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, வார்த்தைக்கு அடுத்த வார்த்தையாக எழுதுகிறது. உங்கள் மொட்டைமாடியில் வெயிலா மழையா என்று அதற்குத் தெரியாது. மலை எழுப்பிய அன்றே வண்ணம் பூசச் சொல்லிவிடக்கூடும். அழகாக எழுதியிருப்பதால் தப்பு கண்ணில் படாது. அதனால் அது தரும் ஒவ்வொரு வரியிடமும் ‘இதற்கு முன் எது முடிய வேண்டும்?’ என்ற ஷேக்கியின் கேள்வியைக் கேளுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு ஒன்று. முதலில் உங்கள் அட்டைகளை நீங்களே எழுதிவிடுங்கள். பிறகு அம்மாவையோ அப்பாவையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏஐயிடம் கொடுங்கள். உங்கள் பெயர், பள்ளி, போன் எண் எதையும் சொல்ல வேண்டாம். ‘திட்டம் போட்டுத் தா’ என்று கேட்காமல், ‘நாங்கள் எதை மறந்துவிட்டோம்? கேள்வியாகக் கேள்’ என்று சொல்லுங்கள். ‘ஆப்பசோடாவும் வினிகரும் எதற்குள் பொங்கும்?’ என்று அது கேட்கலாம். ஆமாம், மலைக்குள் ஒரு சின்ன பாட்டில் வேண்டும்! அதைக் கூழ் பூசும் முன்பே நடுவில் வைத்தாக வேண்டும். காய்ந்த பிறகு ஞாபகம் வந்தால் மலையை உடைக்க வேண்டியதுதான். உடனே ஒரு புது அட்டை எழுதுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. சார்ட் எழுதுகிறவரே வண்ணமும் பூச வேண்டும். ஒரு நாளில் ஒரு வேலைதான் அவரால் முடியும். அப்படியானால் சார்ட்டை அவர் கடைசியாக எந்தக் கிழமை தொடங்கலாம்? அட்டைகளைப் பரப்பிவைத்துக் கண்டுபிடியுங்கள்.