பன்றி இறைச்சியும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்



நாம் வாழும் டென்மார்க்கில் மக்களைவிடப் பன்றிகளின் எண்ணிக்கையே அதிகம். எம்மவர் பலரும் பன்றி இறைச்சிக் கறியை விரும்பி உண்கிறோம். அந்த இறைச்சியோடு சில வேளைகளில் வரும் அழையா விருந்தாளி ஒன்றைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

1998ஆம் ஆண்டு இந்நாட்டில் 25 பேருக்கு சல்மொனெல்லாக் கிருமி தொற்றியது பரிசோதனையில் உறுதியானது. அவர்களில் 11 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர், இருவர் உயிரிழந்தனர். கிருமி வந்த வழியைத் தேடியபோது அது ஒரு பன்றிப் பண்ணையில் போய் நின்றது. டி.ரி. 104 என்ற அந்த வகை, வழமையான பல அன்ரிபயோட்டிக் மருந்துகளுக்கு அடங்கவில்லை. கடும் தொற்றுக்குக் கொடுக்கப்படும் சிப்ரோபுளொக்சசின் போன்ற மருந்துகளும் அதனிடம் போதிய பலன் தரவில்லை.

கிருமிகள் எப்படி இவ்வாறு மாறுகின்றன? முன்பு பன்றிகள் விரைவாகக் கொழுப்பதற்காகத் தீவனத்தில் சிறிதளவு அன்ரிபயோட்டிக் நாள்தோறும் கலக்கப்பட்டது. நோய்க்கும் மந்தை முழுவதற்கும் மருந்து கொடுக்கப்படுவதுண்டு. அப்போது பலவீனமான கிருமிகள் இறக்க, மருந்தைத் தாங்கக்கூடியவை தப்பிப் பெருகுகின்றன. அந்தத் தாங்கும் சக்தியை வேறு கிருமிகளுக்கும் கடத்துகின்றன. இறைச்சி வெட்டும் இடத்தில் குடலிலுள்ள கிருமி இறைச்சியில் படிந்தால், அது எமது சமையலறைக்கும் வந்துவிடும்.

டென்மார்க் இதை அலட்சியம் செய்யவில்லை. கொழுக்க வைப்பதற்காக மருந்து கலக்கும் வழக்கம் 1999ஆம் ஆண்டு முடிவுக்குள் இங்கு நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006இல் அது தடை செய்யப்பட்டது. 2010 முதல், அளவுக்கு மீறி மருந்து பாவிக்கும் பன்றிப் பண்ணைகளுக்கு இங்கு 'மஞ்சள் அட்டை' கொடுக்கப்படுகிறது. ஆயினும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை.

ஒரு நல்ல செய்தி: மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். நன்கு கொதித்து வெந்த கறியில் அது உயிர்வாழாது. ஆபத்து, சமைக்கும் முன்னர்தான். ஆகவே:

* இறைச்சியைக் குழாய் நீரில் கழுவும் பழக்கத்தைக் கைவிடுவோம். தெறிக்கும் நீர் கிருமியைச் சுற்றிலும் பரப்பும்.
* இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் சம்பலுக்கோ சலாதுக்கோ வெங்காயம் வெட்டக்கூடாது. இறைச்சிக்குத் தனிப் பலகை வைத்திருப்போம்.
* பச்சை இறைச்சியைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவோம்.
* அரைத்த இறைச்சியின் நடுப்பகுதியும் நன்றாக வேக வேண்டும்.
* உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என எண்ண வேண்டாம்.

வயிற்றோட்டம் கண்டவுடன், முன்பு மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையைத் தாமாக எடுப்பது தவறு. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் நீராகாரமும் ஓய்வும் போதும். ஆனால் கடும் காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாமல் வைத்தியரை நாட வேண்டும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

பண்ணையில் நடப்பதை நாம் நேரில் மாற்ற முடியாது. எமது அடுப்படி எமது கையில்தான் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம்.