மட்டாஞ்சேரிக் குழாய்நீரும் நம் குடும்ப நலமும்

கடலும் காயலும் சூழ்ந்த ஊரில் வாழ்கிறோம். எனினும் குடிக்கும் நீரோ தொலைவிலுள்ள ஆறுகளிலிருந்து வரவேண்டியிருக்கிறது. தமிழகத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் புதிதாகக் குடிவரும் அன்பர்கள் முதலில் வியப்பது இதனையே. இங்குச் சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆயினும் அது உப்புக் கரிக்கும். நெருங்கிய மனைகளின் மலக்குழிக் கசிவும் அதில் கலந்துவிடும்.

இவ்வூர் நீரைப்பற்றிய அச்சம் பழமையானது. முற்காலத்தில் கொச்சியில் யானைக்கால் நோய் மிகுந்திருந்தமையால், ஐரோப்பியர் அந்நோய்க்குக் ‘கொச்சிக் கால்’ என்றே பெயரிட்டனர். இவ்வூர்க் கிணற்றுநீரைப் பருகுவதால் கால் வீங்குகிறது என நம்பி, வசதியுள்ளோர் ஆற்றுநீரைப் படகுகளில் தருவித்துக் குடித்தனர். 1877-ஆம் ஆண்டில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர், சீன நாட்டில் பணியாற்றுகையில், அந்நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். பருகும் நீரன்று, தேங்கிய நீரில் பெருகும் கொசுவே குற்றவாளி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நீரைப்பற்றி நாம் அஞ்சவேண்டுவதுதான். ஆனால் எதற்கு அஞ்சுவது என அறிந்து அஞ்சுதல் வேண்டும்.

1914-ஆம் ஆண்டில் பெரியாற்றங்கரைச் சொவ்வரையிலிருந்து நீரேற்றும் திட்டம் கொச்சி அரசில் தொடங்கப்பெற்றது. 1984-இல் கேரள நீர் ஆணையம் அமைந்தது. இன்று ஆலுவாயிலிருந்து பெரியாற்று நீரும், மரடு சுத்திகரிப்பு நிலையத்தின் வழியாக மூவாற்றுப்புழை ஆற்று நீரும் நகருக்கு வருகின்றன. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதுற்றபோது, மேற்குக் கொச்சி மக்கள் வாரக்கணக்கில் லாரிநீருக்குக் குடத்துடன் காத்து நின்றதை நம்மில் யாரும் மறந்திரார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நீரை வடிகட்டி, குளோரின் சேர்த்தே அனுப்புகின்றனர். பெரும்பாலும் கேடு நேர்வது வழியிலேதான். குழாயில் நீர் இடைவிடாது அழுத்தத்துடன் ஓடுமாயின், சிறு வெடிப்பு இருந்தாலும் உள்நீர் வெளியே கசியுமேயன்றி வெளியிலுள்ளது உட்புகாது. நீரேற்றம் நின்றதும் நிலைமை மாறுகிறது. அழுத்தம் குறைந்த குழாய், தன்னைச் சூழ்ந்துள்ள சாக்கடை நீரை வெடிப்பின் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. வேலியேற்ற நாட்களில் காயல்நீர் ஏறி ஓடைகள் நிரம்பும் நம் பகுதியில் இவ்வபாயம் இரு மடங்கு.

இஃது ஏட்டுச் செய்தியன்று. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல், மே திங்களில் நம் எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூர் ஊராட்சியில் இருநூற்றுக்கு மேற்பட்டோரை மஞ்சட்காமாலை பற்றியது, உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வூருக்கு வழங்கப்பெற்ற குடிநீரே காரணம் எனப் பேசப்பட்டது. அடுத்த திங்களில் காக்கநாட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கால் வருந்தினர். அங்குள்ள நீரில் மலக்கலப்பைக் காட்டும் நுண்ணுயிர்கள் காணப்பட்டன. குடிசையாயினும் மாடமாளிகையாயினும் கிருமி வேற்றுமை பாராட்டுவதில்லை. இரண்டிடங்களிலும் மக்கள் அருந்திய நீர், பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்திருக்கும். தெளிந்த நீரெல்லாம் தூயநீர் என்று கருதுவதே நம் முதற்பிழை.

இனி நம் இல்லத்தில் செய்யத்தக்கவை யாவை?

மலையாள நண்பர்கள் கருங்காலியோ, பதிமுகமோ, சீரகமோ இட்டுக் கொதித்த நீரையே பருகுவதைக் கண்டு, மண்பானைத் தண்ணீரில் வளர்ந்த நாம் நகைத்ததுண்டு. நகைப்பை விடுத்துக் கற்றுக்கொள்ளவேண்டிய வழக்கம் அது. குமிழிகள் பொங்கிக் கொதித்தபின் ஒரு நிமிடமேனும் அடுப்பில் இருத்தல் வேண்டும். நிறம் ஏறிவிட்டது என்பதற்காக இறக்கிவிடலாகாது. நிறம் தருவது மரத்துண்டு, கிருமியைக் கொல்வது கொதிப்பு. கொதித்த நீர் விரைவில் ஆறவேண்டுமென்று அதிற் பச்சைத்தண்ணீரைக் கலப்பது பெருந்தவறு. விருந்துகளில் இது மிகுதியாக நடக்கிறது. ஒரு குவளைப் பச்சைத்தண்ணீர் ஒரு குடம் கொதிநீரின் பயனைக் கெடுத்துவிடும்.

ஆறிய நீரை மூடிவைத்து, காம்புள்ள அகப்பையால் எடுத்தல் நன்று. குழாய் பொருத்திய பாத்திரமாயின் மிக நன்று. கைவிரல் நீரில் படலாகாது. மேல்நிலைத் தொட்டியை அவ்வப்போது தேய்த்துக் கழுவி, மூடி இறுக்கமாக உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். திறந்த தொட்டி கொசுவுக்கும் தொட்டிலாகும்.

குழாய்நீரில் மருந்து வாடை வீசுகிறதென்று முகஞ்சுளிக்கும் தாய்மார்கள் உண்டு. அந்த இலேசான வாடை காவலன் விழித்திருப்பதன் அடையாளம். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினேனும் எஞ்சியிருத்தல் வேண்டுமென்பது இந்தியத் தர விதி. கிணறு வைத்திருப்போர் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துச் சேர்த்து, ஒரு மணி நேரம் சென்றபின் பயன்படுத்தலாம். பருகும் நீரை அப்போதும் கொதிக்கவைத்தலே முறை.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு கடமை எஞ்சுகிறது. நீர் கலங்கி வந்தாலோ, நாறினாலோ, சாக்கடையோரம் குழாய் உடைந்திருந்தாலோ, ‘நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கேன் வம்பு?’ என்று வாளாவிருத்தல் தகாது. நீர் ஆணையத்தின் 1916 என்னும் எண்ணில் முறையிடலாம். ஆணையத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். ஒரு வீட்டார் தனித்துச் சொல்வதினும் தெருவார் பத்துப்பேர் கூடிக் கையொப்பமிட்டுச் சொல்வது விரைந்து செவியேறும். கொச்சிக் கோட்டை வேலிப்பகுதியில் தலைமுறைகளாகத் துணிவெளுத்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்களைப் போன்றே, நாமனைவரும் இவ்வூர் நீரை நம்பியே வாழ்கிறோம். கட்டணம் செலுத்துவோர்க்குத் தூய நீர் கேட்கும் உரிமையும் உண்டு.

ஆறு காவதம் கடந்து வரும் நீர், நம் வீட்டுக் குழாய்க்கும் குழந்தையின் வாய்க்கும் இடையிலுள்ள ஆறு அடியிற் கெடலாகாது. அந்த ஆறு அடியேனும் நம் கையில் உள்ளதன்றோ!