இ-ரீடரில் குறையா? இப்படி எழுதுங்கள்

2009-இல் அமேசான் வெளியிட்ட இரண்டாம் கிண்டில், புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டியது. பார்வையற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் குரலை ஆன் செய்ய மெனுவுக்குள் போக வேண்டும்; மெனுவோ பேசாது. கண் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து தொடங்கிவைத்தால்தான் கேட்க முடியும்.

அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு பிடித்துக்கொண்டது இந்த ஒரு புள்ளியைத்தான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் பாடநூல்களைக் கிண்டிலில் கொடுக்க முனைந்தபோது அதன்மீது வழக்கும் போட்டது. மெனு பேசும், எழுத்து இன்னும் பெரிதாகும் என்று அந்த டிசம்பரிலேயே அமேசான் அறிவித்தது. 2010-இல் வந்த மூன்றாம் கிண்டிலில் மெனு பேசியது. வழக்கின் பங்கு பெரிதுதான். ஆனாலும் அவர்கள் ‘உங்கள் கருவி எங்களுக்கு உதவாது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை. எந்த இடத்தில் கண் தேவைப்படுகிறது என்று விரல் வைத்துக் காட்டினார்கள்.

நாம் எழுதும் புகாரோ பெரும்பாலும் இப்படி இருக்கும்: “எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறது, சரிசெய்யுங்கள்.” நிறுவனத்தில் அதைப் படிப்பவர் ஒரு நூலைத் திறப்பார், எழுத்தைப் பெரிதாக்குவார், பெரிதாகும். புகாரை மூடிவிடுவார். அவர்மேல் தப்பில்லை. அதையே இப்படி எழுதலாம்: “மாடல் இன்னது, மென்பொருள் பதிப்பு இன்னது. நூலின் எழுத்தை ஆகப் பெரிய அளவில் வைத்திருக்கிறேன், அது சரியாக இருக்கிறது. ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தில் எழுத்து பழைய அளவிலேயே நிற்கிறது. எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. வைஃபை பாஸ்வேர்டு மாற்றக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.” அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இது அழகு பற்றிய பேச்சல்ல, ஒருவரின் வேலையே நிற்கிறது என்பது அதில்தான் புரியும்.

எழுதுமுன் ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: குறை கருவியிலா, நூலிலா? ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் ஒவ்வொரு பக்கமும் வெறும் போட்டோ. பெரும்பாலும் எந்தக் குரலாலும் அதைப் படிக்க முடியாது. படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டதும் பதிப்பகத்தின் வேலைதான். இன்னும் இரண்டு நூல்களைத் திறந்து பாருங்கள். அவற்றிலும் அதே கோளாறு வந்தால் கருவியைச் சந்தேகிக்கலாம். தமிழ் நூல் என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. குரல் தமிழ் வரிகளைத் தாண்டிவிட்டு நடுவே வரும் ஆங்கிலச் சொல்லை மட்டும் படிக்கிறதா? அதே நூலை ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் தமிழில் வாசிக்கிறதா என்று பார்த்து, வாசித்தால் அதையும் எழுதுங்கள். ‘கோப்பில்தான் பிழை’ என்று தட்டிக்கழிக்க வழியிருக்காது.

தீர்வை நீங்களே முடிவுகட்டிவிடாமல், சிரமத்தை முதலில் சொல்வது நல்லது. ‘பக்கம் புரட்ட பட்டன் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், அடுத்த மாடலில் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார்கள். ‘கை நடுங்குகிறது, ஒரு தொடலில் இரண்டு பக்கம் போய்விடுகிறது’ என்றால் ஒரு அப்டேட்டிலேயே தொடுதிரையின் வேகத்தைக் குறைத்துத் தர முடியுமா என்று யோசிப்பார்கள்.

நன்றாக வேலை செய்வதையும் சேர்த்து எழுதுங்கள். நன்றி சொல்வதற்காக அல்ல; வந்த வசதி போய்விடவும் கூடும். பேசும் மெனு 2010-இல் வந்ததே, 2012-இல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட்டில் ஒலி வசதியே இல்லை. 2016-இல்தான் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் வாய்ஸ்வியூ அதற்கு வந்தது. பேப்பர்ஒயிட்டில் அதைக் கேட்க, தனியாக ஒரு யுஎஸ்பி ஒலி அடாப்டரைச் செருக வேண்டியிருந்தது. ஒரு வசதியை யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்றால், செலவைக் குறைக்கும்போது அதில்தான் முதலில் கை வைப்பார்கள்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும்போது முதல் வரியிலேயே ‘மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி பற்றிய குறை’ என்று குறிப்பிட்டு, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் இ-ரீடரும் மின்னூலும் அணுகல் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்தச் சட்டம் நம்மைக் காக்காது. ஆனால் அங்கே விற்கும் நிறுவனம் இந்த வேலையை எப்படியும் செய்தாக வேண்டும் என்பது நமக்குச் சாதகம். அப்டேட் வந்ததும் அதே படிகளைத் திரும்பச் செய்து பார்த்து, அதே புகார் எண்ணில் பதில் எழுதுங்கள். செட்டிங்ஸ் எழுத்து பெரிதாகி, கடைப் பக்கத்தில் மட்டும் இன்னும் சின்னதாகவே நிற்கிறது என்றால், அதை அப்படியே சொல்லுங்கள்.