புதினா எண்ணெயின் விலையைத் தீர்மானிப்பது எது?

இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்கள் நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் மேலாக ஒரு பணப்பயிரைத் தேடுவது இயல்பே. சிறிய காணி, ஒரு கிணறு, குறைந்த முதல் ஆகியவற்றைக் கொண்டு வருமானம் தரக்கூடியவை என வாசனை எண்ணெய்ப் பயிர்கள் பேசப்படுகின்றன. கிணற்றடியில் புதினா செழித்துப் படர்வதைக் காண்பவருக்கு இது இலகுவான தொழிலாகவே தோன்றும். ஆனால் செடி வளர்வது வேறு, விலைபோகும் எண்ணெய் கிடைப்பது வேறு. இதனை விளங்கிக்கொண்ட பின்னரே காணியையும் காசையும் அதில் இறக்க வேண்டும்.

எண்ணெய்க்குள் என்ன இருக்கின்றது?

புதினாவில் பல இனங்கள் உண்டு. நாம் சம்பலுக்கு அரைக்கும் புதினா பெரும்பாலும் கார்வோன் என்ற பொருளால் மணக்கும் இனமாகும். அதில் மென்தோல் மிக அரிது. இனிப்புக்கும் மருந்துக்கும் பயன்படும் பெப்பர்மின்ட் என்பது இன்னொரு செடி. அதன் எண்ணெய் ஒரே பொருள் அன்று. பல பொருட்களின் கலவை. நாவில் குளிர்ச்சி தருவது மென்தோல். அதனோடு மென்தோன், மென்தோபியூரன், சினியோல், புலிகோன் முதலியனவும் இருக்கும். ஐரோப்பிய மருந்து நியமத்தின்படி நல்ல பெப்பர்மின்ட் எண்ணெயில் மென்தோல் 30 முதல் 55 வீதமும் மென்தோன் 14 முதல் 32 வீதமும் இருக்க வேண்டும். புலிகோன் அதிகமானால் ஈரலுக்குத் தீங்கு. ஆகவே அதற்குக் கடுமையான உச்ச அளவு உண்டு.

எப்படி அளக்கிறார்கள்?

இதற்குக் காஸ் குரோமற்றோகிராவ் என்னும் கருவி பயன்படுகின்றது. மடுத் திருவிழாவுக்குக் கால்நடையாகப் புறப்படும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் ஒன்றாகவே புறப்படுவர். இளைஞர் முந்திச் செல்வர், முதியவர் இடையிடையே இருந்து இளைப்பாறி வருவர். கோவில் வாசலில் நின்று எண்ணுபவருக்கு எந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தனர் என்பது தெரியும். இக்கருவியிலும் எண்ணெயின் ஒரு சிறு துளி, சூடேற்றிய நீண்ட மெல்லிய குழாயினுள் வாயுவோடு செலுத்தப்படுகின்றது. சில பொருட்கள் குழாயின் உட்பூச்சில் அதிகம் ஒட்டிப் பிந்தி வரும். சில முந்தி வரும். ஒவ்வொன்றும் வந்த நேரம் அது எந்தப் பொருள் என்பதையும், அதன் கோட்டின் பருமன் எத்தனை வீதம் என்பதையும் காட்டும்.

கலப்படமும் இதில் அகப்படும். மென்தோல் பிரித்தெடுக்கப்பட்ட மலிவான வேறொரு புதினா எண்ணெயைப் பெப்பர்மின்டோடு கலப்பவர்கள் உண்டு. உண்மையான பெப்பர்மின்டில் சினியோல், லிமோனீனைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும். கலந்த எண்ணெயில் இக்கணக்குக் குழம்பிவிடும். மூக்கை ஏமாற்றலாம், கருவியை ஏமாற்றுவது கடினம்.

இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது?

இங்கிலாந்தின் மிச்சம் என்ற ஊரின் பெப்பர்மின்ட் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கும் ஒரேகன் எண்ணெய் வேறு, யக்கிமா எண்ணெய் வேறு என்று வாங்குவோர் பிரித்தே பார்க்கின்றனர். இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பகலின் நீளம். நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் இருந்தால் மென்தோனும் மென்தோலும் பெருகும். பகல் குறுகி இரவு வெக்கையாக இருந்தால் புலிகோனும் மென்தோபியூரனும் மிகும். ஒரேகனில் கோடைப் பகல் 15 மணித்தியாலத்தைத் தாண்டும். வன்னியில் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12½ மணித்தியாலம்தான். எவ்வளவு பசளை போட்டாலும் இதனை மாற்ற முடியாது.

வட இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி போன்ற மாவட்டங்களில் பயிராவது மென்தோல் புதினா என்ற வேறு இனம். அதன் எண்ணெயில் மென்தோல் 70 முதல் 80 வீதம் வரை உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கென இனங்களை உருவாக்கியது. அங்கும் அது அடிக்கடி நீர் இறைத்தே வளர்க்கப்படுகின்றது. காலபோக மழை ஓய்ந்தபின் நம் கிணறுகளின் நிலையை நாம் அறிவோம்.

அறுவடையும் முக்கியம். இளம் இலையில் மென்தோன் கூட. இலை முற்ற முற்ற அது மென்தோலாக மாறும். பூக்களில் மென்தோபியூரன் அதிகம். ஆகவே முந்தி வெட்டினாலும் நட்டம், பூ முழுதும் விரிந்தபின் வெட்டினாலும் நட்டம்.

நம் நாட்டுப் பாடம்

சிங்களத்தில் பெங்கிரி எனப்படும் சிட்ரனெல்லாப் புல் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளின் பழைய பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏற்றுமதியான எண்ணெயில் மண்ணெண்ணெய் கலக்கப்பட்டதால் ஜேர்மனியின் ஷிம்மல் கம்பனி ஒரு பரிசோதனையை வகுத்தது. 80 வீத அற்ககோலில் நல்ல எண்ணெய் தெளிவாகக் கரையும். மண்ணெண்ணெய் கலந்தது கலங்கி நிற்கும். பின்னர் ஜாவா எண்ணெய் சந்தையில் முந்தியது. இலங்கை வகையில் சிட்ரனெலால் 5 முதல் 15 வீதம். ஜாவா வகையில் 32 முதல் 45 வீதம். இரண்டும் பெங்கிரியே, ஆயினும் உள்ளடக்கமே விலையைப் பிரித்தது.

நாம் செய்யக்கூடியவை

நாற்றுத் தருகிறோம், எண்ணெயை வாங்குகிறோம் என்று யாராவது வந்தால் பின்வருவனவற்றைக் கேளுங்கள்:

1. இது எந்த இனம்? வன்னியில் வளர்ந்த செடியின் எண்ணெய்ப் பகுப்பாய்வு அறிக்கை உண்டா?
2. எத்தனை வீத மென்தோலுக்கு என்ன விலை? பரிசோதனைச் செலவு யாருடையது? இவை எழுத்தில் இருக்க வேண்டும்.
3. வடிக்கும் கொதிகலன் எங்கே? 100 கிலோ பச்சைத் தழையில் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைந்த எண்ணெயே கிடைக்கும். தழையைத் தூரம் ஏற்றினால் வண்டிக்கூலியே இலாபத்தைத் தின்றுவிடும்.

விடை திருப்தியாக இருந்தாலும் முதலில் ஒரு சிறு பாத்தி மட்டும் நடுங்கள். அதன் எண்ணெயைத் தண்ணீரின்றி, நிறக் கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, வெயில் படாமல் வைத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய பகுப்பாய்வுகளைச் செய்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திடமும், உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமும் ஆலோசனை கேட்கலாம். பலர் சேர்ந்து ஒரே மாதிரியை அனுப்பினால் செலவு பங்காகும்.

பலமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கிய நமக்கு இன்னொரு கடன் சிறிய விடயமன்று. நற்செய்தியில் வரும் கோபுரம் கட்டுபவனைப் போல முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். அறிக்கை கைக்கு வந்த பின் ஏக்கரைப் பற்றி யோசிக்கலாம்.