உங்களுக்குத் தெரியுமா? திருத்தணி மறக்காதவை

ஓர் ஊர் தன் பழைய கதைகளை எங்கே பத்திரப்படுத்துகிறது? திருத்தணியின் தணிகை மலையைச் சுற்றி ஒரு நடை.

● அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டில் முருகன்மேல் பாடிய திருப்புகழ், பல நூறு ஆண்டுகள் ஓலைகளிலும் பாடுவோர் நாவிலுமாகச் சிதறிக் கிடந்தது. 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றையே சான்றாகக் காட்டினார்கள். அதில் மனம் பறிகொடுத்த நீதிமன்ற அலுவலர் வ.த.சுப்பிரமணிய பிள்ளை, ஊர் ஊராகப் பாடல்களைத் தேடித் தொகுத்து 1890களில் அச்சேற்றினார். அவர் மகன்தான் ‘தணிகைமணி’ வ.சு.செங்கல்வராய பிள்ளை. அருணகிரியார் பாடியவை 16,000 என்பது மரபு. இன்று நம் கையில் இருப்பவை சுமார் 1,300.

● மலைக்கோயிலுக்கு 365 படிகள், ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக. டிசம்பர் 31 அன்று படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறும் திருப்படி விழாவைத் தொடங்கியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் (1870–1950). புத்தாண்டன்று வெள்ளைக்கார துரைமார்களைப் பார்க்க ஓடிய கூட்டத்தைத் தணிகை முருகன் பக்கம் திருப்பவே இந்த ஏற்பாடு. துரைகள் போய்விட்டார்கள், விழா நடக்கிறது.

● கந்த சஷ்டியில் முருகன் தலங்கள் பலவற்றிலும் சூரசம்ஹாரம் உண்டு. திருத்தணியில் கிடையாது. போர் முடிந்து முருகன் சினம் ஆறிய மலை இது என்பது நம்பிக்கை. ஆகவே இங்கே பூச்சொரிவதோடு சரி. ஒன்றைச் செய்யாமல் விடுவதாலும் ஒரு கதையைக் காப்பாற்றலாம்!

● ஊருக்குள் இருக்கும் வீரட்டானேசுவரர் கோயில், பல்லவன் அபராஜிதன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்த கற்றளி. அந்தத் திருப்பணியைச் சொல்லும் வெண்பாவை மன்னனே பாடியதாகக் கல்வெட்டு சொல்கிறது.

● அதே அபராஜிதனின் செப்பேடும் சோழன் முதலாம் பராந்தகனின் செப்பேடும் பக்கத்து வேலஞ்சேரியில் 1970களில்தான் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆவணம் கண்ணில் படவில்லை. கோயில் வழிபாடோ அதற்காகக் காத்திருக்கவில்லை.

● மேனாள் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் பிறந்தபோது அது வட ஆர்க்காடு மாவட்டம். 1911இல் சித்தூர், 1960இல் செங்கல்பட்டு, இப்போது திருவள்ளூர். இருந்த இடத்திலேயே இருந்து நாலு மாவட்டம் பார்த்த ஊர்!

● 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. தமிழறிஞர் ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எல்லை பற்றிய பட்டாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.க்குத் தோள் கொடுத்த மங்கலங்கிழார், அதற்கு முன்பே இந்த வட்டார மக்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். போராட்டத்துக்கு ஆள் சேர்த்ததில் பாடத்துக்கும் பங்குண்டு.

● எல்லைக்கோடு காவடியைத் தடுக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திரப் பக்கத்திலிருந்தும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பூக்காவடியோடு வருகின்றன. தாத்தா எடுத்த வேண்டுதலைப் பேரன் தொடர்வதற்கு மாநிலம் ஒரு பொருட்டில்லை.

● தாத்தாவின் வேண்டுதல் பேரனுக்கு வருவது போல, நம் சொந்த நினைவே குடும்பம், சமயம் போன்ற கூட்டங்களின் துணையோடுதான் உருவாகிறது என்று 1925இல் எழுதியவர் பிரெஞ்சு சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ்.

● வாய்வழி நினைவுக்கு ஆயுள் 80 முதல் 100 ஆண்டு. அதற்குமேல் நிலைக்க விழா, பாட்டு, எழுத்து ஏதாவது வேண்டும் என்பது ஜெர்மானிய அறிஞர் யான் அஸ்மானின் கணக்கு. திருப்புகழுக்கு அச்சும் படி விழாவும் கிடைத்தன. எல்லைப் போராட்டத்தை இளைஞராக நேரில் கண்டவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டிய வயது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் நினைவுகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள்.