தோட்டத்து நீரும் தொண்டர் கரங்களும்

வைத்தியசாலையில் பல நாட்கள் தங்கிச் சிகிச்சை பெறுபவருக்கு மருந்து நேரம் தவறாமல் கிடைக்கும். ஆனால் அவருடைய கண்ணுக்குக் கிடைப்பது வெள்ளைச் சுவர். காதுக்குக் கிடைப்பது மின்விசிறியின் இரைச்சலும் தள்ளுவண்டிச் சக்கரங்களின் ஓசையும். உடல் தேறும் வரை மனம் எங்கே இளைப்பாறுவது? இந்தக் கேள்விக்கு ஒரு விடையாகவே வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ‘குணமளிக்கும் தோட்டங்கள்’ அமைக்கப்படுகின்றன.

இது பார்வைக்கு மட்டுமான பூந்தோட்டம் அன்று. நோயாளி உள்ளே வரவும், அமரவும், தொடவும், முகரவும், கேட்கவும் ஏற்றவாறு திட்டமிடப்படுவது. இத்தகைய தோட்டங்கள் பலவற்றில் ஒரு சிறிய நீரூற்றோ நீர்த்தொட்டியோ இருக்கும். பல இடங்களில் அதை அமைக்க உழைப்பவர்கள் கூலி வாங்காத தொண்டர்கள். அந்த நீர் எதற்கு, அதை எப்படி அமைப்பது, அமைத்த பின் அவர்களுடைய பொறுப்பு என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டம் மருந்தாகுமா?

1984ஆம் ஆண்டு ரொஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநில வைத்தியசாலை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை அவர் ஒப்பிட்டார். அவர்களுள் 23 பேரின் யன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றைய 23 பேருக்குச் செங்கற்சுவரே தெரிந்தது. மரங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களில் வீடு திரும்பினார்கள். சுவரைப் பார்த்தவர்களுக்கு 8.70 நாட்கள் ஆயின. மரங்களைப் பார்த்தவர்களுக்கு வலுவான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன.

இது சிறிய ஆய்வு. மரங்களைப் பற்றியது, நீரைப் பற்றியதன்று. தோட்டம் நோயைத் தீர்த்துவிடும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. நோயாளியைச் சூழ்ந்திருப்பவையும் அவர் தேறுவதில் பங்குகொள்ளலாம் என்பதையே இது உணர்த்தியது.

பழைய வைத்தியசாலைகளின் தடாகங்கள்

நோயாளிக்கு அருகே நீரை வைப்பது புதிய எண்ணமும் அன்று. 1154இல் நூருத்தீன் ஸங்கி டமஸ்கஸ் நகரில் நிறுவிய பீமாரிஸ்தான், அதாவது மருத்துவமனை, ஒரு முற்றத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. முற்றத்தின் நடுவே ஒரு தடாகம். ஸ்பெயினின் கிரனடாவில் ஐந்தாம் முஹம்மத் 1365க்கும் 1367க்கும் இடையில் கட்டிய மருத்துவமனையின் தடாகத்துக்கு இரண்டு கற்சிங்கங்களின் வாயிலிருந்து நீர் விழுந்தது. துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிமுடித்த மருத்துவமனையில், குவிமாடத்தின் கீழ் நடு மண்டபத்தில் நீரூற்று இருந்தது. நோயாளர் அறைகள் அதைச் சுற்றி அமைந்தன. அங்கே நோயாளிகளுக்காக இசை வாசிக்கப்பட்டதைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதிவைத்திருக்கிறார்.

இந்த மருத்துவமனைகள் வக்ஃப் சொத்துகளின் வருமானத்தில் இயங்கின. கட்டியவர்கள் கட்டடத்தோடு நின்றுவிடவில்லை. அதை நாள்தோறும் நடத்துவதற்கும் வழி செய்து வைத்தார்கள். பராமரிக்க ஏற்பாடு இல்லாத கொடை அரைக்கொடை என்ற இந்தப் பாடம் நீரூற்று விடயத்தில் மிகவும் முக்கியமானது. அதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் கேட்ட மாணவன்

நம் காலத்து உதாரணம் ஒன்று இங்கிலாந்திலிருந்து. ஹொரேஷியோ சாப்பல் என்ற பாடசாலை மாணவன், தன் தந்தை சத்திரசிகிச்சை நிபுணராகக் கடமையாற்றிய சோல்ஸ்பரி வைத்தியசாலையின் முள்ளந்தண்டுச் சிகிச்சைப் பிரிவில் விடுமுறைத் தொண்டனாக வேலை செய்தான். அசைய முடியாமல் மாதக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு வெளியே செல்ல நல்ல இடம் இல்லை என்பதைக் கண்டான். ஒரு தோட்டம் வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்தத் தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அவன் தானாகத் தீர்மானிக்கவில்லை. வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்து நோயாளிகளிடமே கேட்டான்.

தோட்டத்தைக் காண அவனுக்கு ஆயுள் இருக்கவில்லை. 2011 ஓகஸ்ட்டில் நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குச் சென்ற பயணத்தில் பனிக்கரடி தாக்கி, 17ஆவது வயதில் உயிரிழந்தான். அடுத்த ஆண்டே அந்தத் தோட்டம் அவன் பெயரில் திறக்கப்பட்டது. இன்று ஐக்கிய இராச்சியத்தின் வேறு முள்ளந்தண்டுச் சிகிச்சை நிலையங்களிலும் அதே பெயரில் தோட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு தலைமைத் தோட்டக்காரரோடு தொண்டர் குழுவொன்று உழைக்கிறது.

தொண்டு செய்ய விரும்புவோர் இதில் கற்கவேண்டியது, மண்வெட்டியை எடுக்குமுன் வினாத்தாளை எடுக்க வேண்டும் என்பதே.

யாருக்காக இந்த நீர்?

அவ்வாறு கேட்டால் நாம் எண்ணிப் பார்க்காத பதில்கள் வரும். உயரத்திலிருந்து கொட்டும் நீர் நமக்கு அழகு. செவிப்புலன் கருவி அணிந்த முதியவருக்கோ அது பக்கத்தில் இருப்பவரின் பேச்சை விழுங்கும் இரைச்சல். ஓடும் நீரின் ஓசை சிலருக்குச் சிறுநீர் கழிக்கும் உந்துதலை உண்டாக்கும். அப்படிப்பட்டவர்கள் இருக்கும் இடத்தில் கழிவறை அருகில் இருக்க வேண்டும். நினைவாற்றல் குன்றியவருக்கு, கறுத்து மினுங்கும் நீர்ப்பரப்பு தரையில் உள்ள குழியாகத் தோன்றிப் பயமுறுத்தலாம்.

ஆகவே நீர் குறைந்த உயரத்திலிருந்து மெல்ல வழிய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் கையை நீட்டித் தொடக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். அங்கே செல்லும் பாதை மேடுபள்ளமின்றி, சக்கர நாற்காலி திரும்புவதற்குச் சுமார் 150 சென்ரிமீற்றர் இடத்தோடு அமைய வேண்டும். நீரை நிறுத்தும் ஆளியும் நோயாளியின் கைக்கு எட்ட வேண்டும். ஊசி போடும் நேரத்தையும் உணவு நேரத்தையும் பிறரே தீர்மானிக்கும் இடத்தில், இந்த ஓசை இப்போது எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தானே முடிவு செய்வது சிறிய விடயம் அன்று.

கட்டும் முறை

தொண்டர்கள் செய்வதற்கு ஏற்றது, திறந்த குளம் இல்லாத நீரூற்று. தண்ணீர்த் தொட்டி நிலத்தின் கீழே மறைந்திருக்கும்; மேலே ஒரு பானை அல்லது துளையிட்ட கல் மட்டுமே தெரியும். முதலில் குழி தோண்டி, கூரிய கற்களையும் வேர்களையும் அகற்றி, அடியில் மணல் பரப்புவார்கள். அதன்மேல் உறுதியான பிளாஸ்ரிக் தொட்டியை இறக்கி, அதனுள் சிறிய நீர்ப்பம்பியை வைப்பார்கள். தொட்டியின் வாயைப் பாரம் தாங்கும் கம்பித்தட்டால் மூடி, அதன்மேல் பானையை நிறுத்துவார்கள். பம்பியிலிருந்து வரும் குழாய் பானையின் அடித்துளை வழியாக மேலேறும். துளையைச் சுற்றி நீர் கசியாதபடி அடைக்கப்படும். சுற்றிலும் கூழாங்கற்கள் பரப்பப்படும். நீர் பானையில் நிரம்பி, விளிம்பில் வழிந்து, கற்களின் இடையே இறங்கி மீண்டும் தொட்டியை அடையும். அதே நீரே சுழன்றுகொண்டிருக்கும். ஆவியாகிக் குறையும் அளவை மட்டும் ஊற்றினால் போதும்.

இதில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். கூழாங்கற்களை நன்றாகக் கழுவிய பின்பே போட வேண்டும். இல்லாவிட்டால் சேறு இறங்கிப் பம்பி அடைத்துக்கொள்ளும். பானையின் விளிம்பை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். சற்றே சரிந்தாலும் நீர் ஒரு பக்கமாக மட்டும் வழியும். பம்பி நின்றால் மேலே உள்ள நீரும் கீழே இறங்கும். அதையும் கொள்ளும் அளவுக்குத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும்.

தோண்டுவது, கல் கழுவுவது, சுமப்பது, செடி நடுவது எல்லாம் தொண்டர்களின் வேலை. மின்சாரம் மட்டும் அவர்களுடைய வேலை அன்று. தகுதி பெற்ற மின்னியலாளர் ஒருவரே இணைப்பைக் கொடுத்து ட்ரிப் சுவிட்சும் பொருத்த வேண்டும். நீரும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தில் ஆர்வம் அறிவுக்கு ஈடாகாது.

நீரே நோயானால்

2010இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைத்தியசாலை ஒன்றின் முன்மண்டபத்தில் இருந்த அலங்கார நீர்ச்சுவரால் 8 பேருக்கு லெஜியனேயர் நோய் தொற்றியது. அது கடுமையான நுரையீரல் அழற்சி. அதன் கிருமி வெதுவெதுப்பான நீரில் பெருகும். நுண்ணிய துளிகளாக மூச்சோடு உள்ளே செல்லும். நீர்ச்சுவரில் இருந்த பஞ்சு போன்ற பொருளில் அந்தக் கிருமி மண்டிக் கிடந்தது. மனத்துக்கு இதம் தர வைத்த நீர், உடலைக் கெடுத்தது. இதனால்தான் நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் நடமாடும் இடத்தில் தெளிக்கும் நீரூற்று கூடாது. வழியும் நீரே ஆனாலும் வைத்தியசாலையின் தொற்றுத் தடுப்புப் பிரிவினரின் அனுமதி வேண்டும்.

நம் நாட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். டெங்கு நுளம்பு ஓடும் நீரை விரும்பாது; தேங்கிய நீரையே நாடும். ஆனால் பம்பி நின்ற கணமே ஓடும் நீர் தேங்கிய நீர் ஆகிவிடும். முட்டை நுளம்பாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும். முட்டைகள் நீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது. விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கட்டிய பின்

வக்ஃபின் பாடம் இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். நீரூற்றைக் கட்டச் சில நாட்கள் போதும். திறப்பு விழா ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் காப்பதற்கு முடிவு இல்லை. தினமும் ஒருவர் நீர் ஓடுகிறதா, மட்டம் குறைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை நீரை இறைத்து, பானையையும் விளிம்பையும் தேய்க்க வேண்டும். மாதம் ஒருமுறை பம்பியை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த வேலைகளுக்கு நேரே பெயர்கள் எழுதிய அட்டவணை, குழி தோண்டும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

மாணவியர் ஒன்றுசேர்ந்து இத்தகைய தொண்டில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் விடுமுறையில் அந்தப் பானையைத் தேய்ப்பது யார்? இன்று உயர்தரத்தில் இருப்பவர்கள் கல்லூரியை விட்டுச் சென்ற பின் யார்? இவற்றுக்குப் பதில் இருந்தால் தாராளமாகக் கட்டலாம். இல்லாவிட்டால் நீரின்றியே ஒரு நல்ல தோட்டம் அமைக்கலாம். காற்றில் சலசலக்கும் மூங்கிலுக்கும் ஓசை உண்டு. மல்லிகைக்கும் துளசிக்கும் மணம் உண்டு. நிழலில் ஒரு வாங்கும், அதன் அருகே சக்கர நாற்காலிக்கு ஓர் இடமும் இருந்தாலே நோயாளிக்கு அது பெரிய ஆறுதல்.

நோயாளி அந்தத் தோட்டத்தில் அமர்ந்து நீரின் ஓசையைக் கேட்கும்போது, அதைக் கட்டியவர் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த வாரமும் யாரோ ஒருத்தி வந்து அதன் விளிம்பைத் தேய்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும். தொண்டு என்பது அதுவே.