கம்பி வளையலாம், கட்டடம் விழக் கூடாது

2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. அளவு 5.5. விழுப்புரம், திண்டிவனம் பக்கமும் ஆட்டம் தெரிந்தது. ‘அஞ்சரைக்கே ஒண்ணும் ஆகலையே’ என்று டீக்கடையில் இன்றும் சொல்வார்கள். அந்த எண் பூமிக்குள் வெளிப்பட்ட சக்தியின் கணக்கு. நம் வீட்டைப் பாதிப்பது, காலடி மண் எவ்வளவு வேகமாக, எந்தத் தாளத்தில், எத்தனை விநாடி ஆடியது என்பதுதான்.

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். கட்டுக்கம்பியை லேசாக வளைத்து விட்டால் நிமிர்ந்துவிடும். கூடுதலாக வளைத்தால் வளைந்தபடியே நிற்கும், ஒடியாது. முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடியும். பில்லருக்குள் இருக்கும் கம்பிக்கும் இதே கதைதான். எந்த நிலநடுக்கத்திலும் கீறலே விழாத வீடு கட்டச் செலவு கட்டுபடியாகாது. வளையட்டும், விழ வேண்டாம் என்றுதான் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆகவே பத்து விநாடி ஆட்டத்தைத் தாங்கிய பில்லர், அதே ஆட்டம் ஒரு நிமிடம் நீடித்தால் தாங்காமல் போகலாம்.

தாளம் இன்னும் நுட்பமான விஷயம். பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்பச் சுமார் ஒரு விநாடி ஆகும். கீறல் விழுந்து தளர்ந்தால் அந்த நேரம் நீளும். திண்டிவனம் பக்கத்துப் பாறைபோலக் கெட்டியான தரை படபடவென்று நடுங்கும். தளர்ந்த கட்டடம் அந்தத் தாளத்தைவிட்டு விலகித் தப்பிக்க வழியுண்டு. ஆழமான களிமண் மெதுவாக ஆடும். அங்கே தளரத் தளரக் கட்டடம் மண்ணின் தாளத்திலேயே போய் மாட்டிக்கொள்ளும். 1985இல் மெக்சிகோ நகரத்தில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் 350 கிலோமீட்டருக்கு அப்பால்; பழைய ஏரிப் படுகையோ இரண்டு விநாடிக்கு ஒருமுறை ஆடியது. ஆறு முதல் பதினைந்து மாடி உள்ளவைதான் அதிகம் விழுந்தன. விழுப்புரத்தில் தென்பெண்ணை வண்டலில் மாடி எழுப்புகிறவர்கள் மண் பரிசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. பலவற்றில் கீழ்த்தளம் சுவரில்லாமல் கார் நிறுத்த விடப்பட்டிருந்தது. வளைய வேண்டிய பாரம் முழுக்க அந்த ஒரு தளத்துப் பில்லர்கள்மேல் விழுந்தது. நம் ஊர்களிலும் இப்போது அப்படித்தான் கட்டுகிறோம்.

பில்லர் வளைந்தும் நொறுங்காமல் காப்பது உள்ளே கட்டும் ரிங். ஐ.எஸ். 13920 விதிப்படி அதன் முனையை 90 டிகிரியோடு விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும்; பீம் சேரும் இடத்தருகே ரிங்கை நெருக்கிக் கட்ட வேண்டும். வீடு கட்டுகிறீர்களா? கான்கிரீட் கொட்டுவதற்கு முன் மேஸ்திரியோடு நின்று ஒவ்வொரு பில்லரையும் பார்த்துவிடுங்கள்.